வெள்ளை காய எத்தனை நாள்

1

முதலில் மன்னிப்புக் கேட்டுவிடுகிறேன். என் கையெழுத்தைப் படிக்கப் பொறுமை வேண்டும். நான் ஐந்தாம் வகுப்போடு நின்றவன். அதற்குப் பிறகு பேனா பிடித்ததெல்லாம் கையெழுத்துப் போடவும், பலகையில் அளவு குறிக்கவும்தான். என் மகள் இலக்கியா எழுத்துப் பிழைகளைத் திருத்தித் தட்டச்சு செய்து தருவதாகச் சொல்லியிருக்கிறாள். பிழையைத் திருத்து, விஷயத்தைத் திருத்தாதே என்று சொல்லிவைத்திருக்கிறேன்.

நம் ஊர்ப் பிள்ளைகள் திருவிழா மலருக்காக, வெளிநாட்டில் இருப்பவர்கள் ஆளுக்கு நாலு பக்கம் எழுதித் தர வேண்டும் என்று வாட்ஸப்பில் கேட்டபோது நான் பதில் போடவில்லை. நாலு பேர் இருக்கிற இடத்தில் பேசவே கூச்சப்படுகிறவன் நாலு பக்கத்துக்கு எங்கே போவேன்? ஆனால் நோன்பு தொடங்குவதற்கு முந்தின வாரம் ஒன்று நடந்தது. அதிலிருந்து எழுத வேண்டும் என்று இருக்கிறது.

மஸ்கட்டில் மரச்சாமான் செய்யும் ஒரு பட்டறையில் இருபத்தோரு வருடமாக இருக்கிறேன். சாமான்களுக்குப் பெயிண்ட் அடிப்பது என் வேலை, முக்கியமாக வெள்ளை. அன்றைக்கு ஒரு புது வீட்டுக்கு வெள்ளை பெஞ்சு ஒன்றையும் செருப்பு அலமாரி ஒன்றையும் கொண்டுபோய் இறக்கினோம். சுவர், திரை, சோபா, சாப்பாட்டு மேசை எல்லாமே வெள்ளையாக இருந்த வீடு. வீட்டுக்காரப் பெரியவர் பெஞ்சைத் தடவிப் பார்த்துவிட்டு, என்னைப் பார்த்து, உட்கார் என்று கையைக் காட்டினார். காவா என்கிற அரபுக் காபியும் பேரீச்சம்பழமும் வந்தன.

இருபத்தோரு வருடத்தில் நான் இறக்கிய எந்தச் சாமானிலும் உட்கார்ந்ததில்லை. அன்றைக்குப் பெருவிரலால் பெஞ்சின் ஓரத்தை ஒருமுறை அழுத்திப் பார்த்தேன். பிறகு உட்கார்ந்தேன்.

என்னோடு வந்த பரூக் வங்கதேசத்துக்காரன், பதினோரு வருடப் பழக்கம். கையில் இருந்த ஸ்குரூ டிரைவரை அப்படியே பிடித்துக்கொண்டு என்னைப் பார்த்தான். வண்டியில் ஏறியதும், "என்ன பாய், கால் வலியா?" என்று இந்தியில் கேட்டான்.

"இல்லை, காய்ந்துவிட்டது" என்றேன்.

அவனுக்கு விளங்கவில்லை. விளக்கிச் சொல்ல எனக்கு இந்தி போதாது. அதனால் தமிழில் எழுதுகிறேன். எழுதப்போவது என் அண்ணனைப் பற்றியும்தான் என்பதால் போனில் அவரிடம் சம்மதம் கேட்டேன். "எழுது, ஆனா நான் அழுதேன்னு மட்டும் எழுதாத" என்றார். அவர் அழவும் இல்லை.

2

வெள்ளையில் இத்தனை வகை இருப்பது எனக்கு இங்கே வந்துதான் தெரியும். நம் ஊரில் வெள்ளை என்றால் சுண்ணாம்பு. இங்கே ஷேடு கார்டில் வெள்ளைக்கு மட்டுமே பக்கம் பக்கமாக இருக்கும். ஒவ்வொன்றின் அடியிலும் இங்கிலீஷில் ஒரு பெயர். வந்த புதிதில் ஃபோர்மேன் தோமஸ் சேட்டன் ஒரு டின்னைக் கேட்பார், நான் வேறு டின்னை எடுத்துப் போவேன். அவர் மலையாளத்தில் திட்டுவது பாதி புரியும். அந்தப் பாதியே போதுமானதாக இருக்கும்.

ஒருநாள் சமையல் முறை எனக்கு. அரிசி களையும்போது ஒரு யோசனை தோன்றியது. கொஞ்சம் அரிசியைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு பட்டறைக்குப் போய், ஷேடு கார்டின் மேல் ஒவ்வொரு கட்டமாக வைத்துப் பார்த்தேன். லேசாக மஞ்சள் ஓடிய வெள்ளையில் புழுங்கலரிசி வைத்தால் அரிசியே தெரியவில்லை. மஞ்சள் இல்லாத சுத்தமான வெள்ளை பச்சரிசி. கொஞ்சம் சாம்பல் கலந்தால் அவல். நீலம் ஓடிக் கண்ணைக் கூச வைத்தால் உப்பு. இந்த நாலையும் டின்களின் மேல் தமிழில் எழுதி ஒட்டினேன். அதற்குப் பிறகு நான் தப்பான டின்னை எடுக்கவில்லை.

இப்போது எங்கள் பட்டறையில் மலையாளி, வங்காளி, நேபாளி எல்லோருக்கும் இந்தப் பெயர்கள்தான். "ராசு பாய், இது புளுங்கலா, உப்பா?" என்று பரூக் கத்துவான். தோமஸ் சேட்டனே ஒருமுறை வாடிக்கையாளரிடம், இந்த அலமாரிக்குப் பச்சரிசி எடுப்பாக இருக்கும் என்று சொல்லிவிட்டு முழித்தார்.

உப்பு என்று பெயர் வைத்ததற்குக் காரணம் உண்டு. ஆற்றில் தண்ணீர் வராத ஒரு வருடம், நானும் அண்ணனும் கோடையில் வேதாரண்யம் பக்கம் உப்பளத்தில் வேலைக்குப் போனோம். பகல் பதினோரு மணிக்கு அந்த வெள்ளையைப் பார்க்க முடியாது. அண்ணன் தன் துண்டைக் கிழித்து என் நெற்றியில் கண்ணுக்கு நிழல் விழுகிற மாதிரி கட்டிவிட்டார். அவர் வெறும் கண்ணோடு வேலை பார்த்தார்.

3

வெள்ளைச் சாமான் இறக்கப் போகும்போது காலுக்கு உறை, கைக்கு உறை எல்லாம் போட வேண்டும். சுவரில் சாயக் கூடாது. தோமஸ் சேட்டன் புது ஆட்களிடம், அந்தச் சாமானில் உட்காராதே என்று சொல்வார். என்னிடம் அதைச் சொல்ல வேண்டியிருக்கவில்லை.

என் அப்பா பண்ணையில் வேலை பார்த்தவர் என்பது ஊருக்குத் தெரியும். அந்தப் பண்ணை வீட்டுக்கு நாங்கள் கொல்லைப்புறமாகப் போவோம். நெல் அளக்கிற நாளில் காலையில் போய் நின்றால் மதியம் தாண்டிவிடும். உட்காரு என்றோ, உட்காராதே என்றோ யாரும் சொன்னதாக நினைவில்லை. நின்றோம், அவ்வளவுதான். கால் முடியாத ஆட்களுக்குத் தரையில் ஒரு சாக்கை விரிப்பார்கள். அண்ணன் என்னைவிட ஆறு வயது மூத்தவர். மூன்றாம் வகுப்போடு நின்றுவிட்டு அப்பாவோடு அந்தக் கொல்லையில் நின்றார். அவர் நின்றதால் நான் ஐந்து வரைக்கும் படித்தேன்.

இப்போது அண்ணனுக்குச் சொந்தமாக மூன்று மா, அதாவது ஒரு ஏக்கர் நிலம் இருக்கிறது. அதே பண்ணைக் குடும்பத்தின் பேரன் சென்னையில் இருக்கிறார். அவர் நிலத்திலும் ஒரு பகுதியை அண்ணன்தான் குத்தகைக்குச் செய்கிறார். "மாரிமுத்து சார்" என்று அந்தப் பையன் போனில் மரியாதையாகத்தான் பேசுகிறார். காலம் மாறியதற்கு நான் சந்தோஷப்படுகிறேன். ஆனால் உடம்பு சீக்கிரம் மாறுவதில்லை. குடியிருப்பு அட்டையைப் புதுப்பிக்க இங்கே ஆபீசுக்குப் போனால் வரிசையாக நாற்காலிகள் காலியாக இருக்கும். என் டோக்கன் எண் வரும்வரை தூணுக்குப் பக்கத்தில் நின்றுகொண்டிருப்பேன். அந்த அட்டையில் என் தொழில் இன்றைக்கும் சுமை தூக்குபவர் என்றுதான் இருக்கிறது. மாற்ற வேண்டுமானால் படித்த சான்றிதழ் கேட்கிறார்கள்.

ஒரு லீவில், மனைப் பட்டாவில் பெயர் மாற்ற இலக்கியாவையும் கூட்டிக்கொண்டு நன்னிலம் தாலுகா ஆபீசுக்குப் போனேன். அவள் அப்போது காலேஜ் முதல் வருடம். உள்ளே போனவள் அதிகாரியின் மேசைக்கு முன்னால் நாற்காலியை இழுத்துப்போட்டு உட்கார்ந்தாள். "சார், போன மாசம் மனு குடுத்தோம், ஆன்லைன்ல இன்னும் அப்படியே நிக்குது" என்றாள். நான் அவள் முதுகுக்குப் பின்னால் நின்றேன். அந்த அதிகாரி நல்ல மனிதர்.

"நீங்களும் உட்காருங்கய்யா."

"பரவால்லங்க."

வெளியே வந்ததும் கேட்டாள்: "ஏம்ப்பா நின்னுக்கிட்டே இருந்தீங்க? அவ்ளோ சேர் கெடக்கு, காலு வலிக்காது?"

உட்காருவதிலும் நிற்பதிலும் கால் வலியைத் தவிர வேறு கணக்கு இருக்கும் என்று அவளுக்குத் தோன்றவே இல்லை. அந்தக் கேள்வி என் பிள்ளையின் வாயிலிருந்து வருவதற்கு எத்தனை பேர் உழைத்திருக்கிறார்கள் என்று நினைத்துக்கொண்டு பஸ்ஸில் வந்தேன். அவள் காதில் பாட்டுக் கேட்டுக்கொண்டு வந்தாள்.

4

வீடு கட்டி முடிக்கும் நேரத்தில், சென்னையில் படித்துக்கொண்டிருந்த இலக்கியா போனில் மாதிரி வீடுகளைப் படம் படமாக அனுப்பினாள். எல்லாம் வெள்ளை. நான், என் மனைவி சாந்தி, மகள் மூன்று பேரும் பேசும் அழைப்பில் நான் கேட்டுக்கொண்டுதான் இருப்பேன்.

"எல்லாம் வெள்ளையா இருக்கணும்பா. சோபா, டிவி ஸ்டாண்டு, ஷெல்ஃபு, எல்லாம்."

"வெள்ளையா?" என்றாள் சாந்தி. "நடவு சமயத்துல இந்தத் தெருவுல ஒரு காலாச்சும் வெள்ளையா இருக்குமாடி?"

"வெள்ளையா இருந்தா வீடு பெருசா தெரியும்மா."

"பெருசா தெரிஞ்சா கூட்டிப் பெருக்குறது யாரு? நீ மெட்ராஸ்லேர்ந்து வருவியா?"

"அப்பா, நீங்க சொல்லுங்க. உங்க வேலையே அதானே. ஊருக்கெல்லாம் அடிக்கிறீங்க, நம்ம வீட்டுக்கு அடிக்க மாட்டீங்களா?"

அந்தக் கடைசிக் கேள்வியில் விழுந்துவிட்டேன். என் மகள் என் வேலையைப் பற்றிப் பெருமையாகப் பேசியது அதுதான் முதல் தடவை. இரண்டு மாத லீவு எழுதிக் கொடுத்து, பெயிண்ட் அடிக்கிற கருவியைப் பெட்டியில் வைத்துக்கொண்டு கிளம்பினேன். திருச்சி விமான நிலையத்தில் பெட்டிக்குள் என்ன இரும்பு என்று கேட்டவரிடம், பட்டறைப் பழக்கத்தில் 'கன்' என்று சொல்லிவிட்டேன். அதற்கு ஒரு அரை மணி நேரம் தனியாக நின்றேன். கடைசியில் அவர்களும் சிரித்தார்கள்.

கும்பகோணத்தில் பலகை வாங்கி, கொல்லையில் படுதா கட்டி, எல்லாச் சாமான்களையும் நானே செய்து நானே அடித்தேன். கடைசியாகச் செய்தது ஆறடி நீளத்தில் ஒரு பெஞ்சு. வாசலைத் தாண்டியதும் கூடத்தில் வலது கைப்பக்கம் போட. வருகிறவர்கள் முதலில் உட்கார வேண்டிய இடம் அது. பச்சரிசி வெள்ளை அடித்தேன். தை மாதம், காலையில் எட்டு மணி வரைக்கும் பனி. அடித்து மூன்று நாள்தான் ஆகியிருந்தது, வீடு குடிபோகும் நாள் வந்துவிட்டது.

இந்த இடத்தில் தொழில் விஷயம் ஒன்று சொல்ல வேண்டும். நாங்கள் அடிக்கிற பெயிண்ட் இரண்டு மணி நேரத்தில் காய்ந்த மாதிரி தெரியும். தொட்டால் கையில் ஒட்டாது. ஆனால் உள்ளே காயாது. வெயில் காலத்தில் மூன்று நாள், பனிக் காலத்தில் ஐந்து நாள் ஆகும். அதற்குள் பாரம் வைத்தால் அச்சு விழும். அதனால் அன்று விடியற்காலையிலிருந்து நான் அந்தப் பெஞ்சுக்குப் பக்கத்திலேயே நின்று யாரையும் நெருங்க விடாமல் பார்த்துக்கொண்டேன்.

அன்றைக்குத்தான் அண்ணனுக்கு அறுவடை மெஷின் முறை வந்தது. விட்டால் இன்னும் பத்து நாள் ஆகும், கதிர் சாய்ந்துவிடும். அவர் விடியலிலேயே வயலுக்குப் போய்விட்டார். பத்து மணிக்கு, மெஷின் அடுத்த வயலில் திரும்புகிற இடைவெளியில் ஓடி வந்தார். முழங்கால் வரை சேறு, தோளெல்லாம் தூசு. கூடம் நிறைய உறவுக்காரர்கள்.

"டேய் ராசு! கப்பல் மாதிரி கட்டிட்டியடா!" என்று சிரித்துக்கொண்டே உள்ளே வந்து, அந்தப் பெஞ்சில் உட்காரக் குனிந்தார்.

"ஐயய்யோ அண்ணே, உட்காராதீங்க!"

நாலு பேர் முன்னால் வராத என் குரல் அன்றைக்குக் கூடம் முழுவதற்கும் கேட்டது. அதோடு நின்றிருந்தால்கூடப் பரவாயில்லை. நாற்காலிகள் எல்லாவற்றிலும் ஆள் இருந்தார்கள். கைக்குக் கிடைத்தது வாசலில் கால் துடைக்க மடித்துப் போட்டிருந்த சாக்கு. அதை இழுத்துத் தரையில் விரித்து, "இதுல உட்காருங்கண்ணே" என்றேன்.

அண்ணன் அந்தச் சாக்கைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார்.

"இருக்கட்டும்டா. மெசின் நிக்குது."

போய்விட்டார். அன்றைக்கு அவர் எங்கள் வீட்டில் சாப்பிடவில்லை. நான் செய்தது என்ன என்று இலை போடும்போதுதான் எனக்கு உறைத்தது. கையில் தண்ணீர்ச் சொம்போடு கொஞ்ச நேரம் அப்படியே நின்றேன்.

இரண்டு நாள் கழித்துப் பெஞ்சு காய்ந்தது. வந்தவர்கள் எல்லோரும் அதில் உட்கார்ந்தார்கள். தெருவில் போகும்போது அண்ணன் அதையும் பார்த்திருப்பார்.

5

அதற்குப் பிறகு நாலு வருடம் அவர் எங்கள் கேட்டைத் தாண்டவில்லை. சண்டை கிடையாது, பேச்சு நிற்கவில்லை. புது அரிசி மூட்டையைக் கேட்டில் இறக்குவார். பூசணிக்காய், தேங்காய் கொண்டுவந்து தருவார். சாந்தி ஒவ்வொரு தடவையும், "உள்ள வாங்க மாமா" என்பாள்.

"காலெல்லாம் சேறும்மா."

பங்குனி வெயிலில் ஊரே வெடித்துக் கிடக்கும்போதும், "காலெல்லாம் சேறும்மா."

வெள்ளிக்கிழமைதோறும் நான் அண்ணனிடம் போனில் பேசுவேன். மேட்டூர் திறந்துவிட்டார்களா, வாய்க்காலில் தண்ணீர் ஏறியதா, நாற்றுக்கு என்ன நோய், கொள்முதல் நிலையத்தில் எத்தனை நாள் காவல் கிடந்தார் என்று எல்லாம் பேசுவோம். அந்த ஒன்றை மட்டும் பேசவில்லை. அது பெயிண்ட் காயாததால் சொன்னது அண்ணே என்று ஒரே ஒரு வாக்கியம். அதை எத்தனையோ வெள்ளிக்கிழமை மனசுக்குள் சொல்லிப் பார்த்திருக்கிறேன். சொன்னால் சாக்கை என்ன சொல்லி விளக்குவது என்று அங்கே வந்து நின்றுவிடும்.

நடுவில் ஒரு லீவில் வந்தபோதும் வயல் வரப்பிலும் டீக்கடையிலும்தான் அண்ணனோடு இருந்தேன். என் வீட்டில் எல்லாம் வெள்ளையாக இருந்தது. பார்க்க நன்றாகவும் இருந்தது. அந்தப் பெஞ்சைத் தாண்டும்போது மட்டும் நான் வேறு பக்கம் பார்ப்பேன்.

6

போன மார்கழியில் இலக்கியா ஒரு வாய்ஸ் மெசேஜ் அனுப்பினாள். படிப்பு முடிந்து அவள் இப்போது சென்னையிலேயே வேலை பார்க்கிறாள். கூட வேலை பார்க்கிற ஒரு பையன், வேதாரண்யம் பக்கம், அவனுடைய அப்பாவுக்குச் சின்னதாக ஒரு உப்பளம் இருக்கிறது, தை கடைசியில் வீட்டுக்குப் பேச வருகிறார்கள், அப்பா அவசியம் லீவு போட வேண்டும். இதையெல்லாம் ஒரு நிமிடத்தில் சொல்லி முடித்துவிட்டாள். நான் அதை எத்தனை தடவை கேட்டேன் என்று தெரியாது. என்னைக் கேட்காமல் முடிவு செய்துவிட்டாளே என்று ஒருநாள் முழுதும் வருத்தமாக இருந்தது. மறுநாள் இன்னொன்று வந்தது.

"பெரியப்பா ஹால்ல உட்காரணும்பா. அவரு கேட்டுப் பக்கமே நின்னாருன்னா நான் யாருக்கும் காபி கொண்டு வர மாட்டேன். சொல்லிட்டேன்."

பிள்ளைகள் தூரமாகப் போகிறார்கள் என்று நினைக்கிறோம். அவர்கள் எதைக் கவனித்து வைத்திருக்கிறார்கள் என்பது நமக்குத் தெரிவதில்லை.

இருபது நாள் லீவில் வந்தேன். பெஞ்சைப் பார்த்தால், நான் அடித்த பச்சரிசி நாலு வருடத்தில் புழுங்கலாகியிருந்தது. திரும்ப அடிக்க வேண்டும். ஆனால் கூடத்திலிருந்து கொல்லைக்குத் தூக்கிப்போக என்னால் ஆகாது. பட்டறையில் அலமாரி சாய்ந்து என் வலது தோள் போன வருடமே பழுது. சாந்திதான் வழி சொன்னாள்.

"உங்கண்ணன சாப்புடக் கூப்பிட்டா வரமாட்டாரு. வேலைக்குக் கூப்புடுங்க, வருவாரு."

வயலுக்குப் போனேன். அறுக்காமல் பாக்கியிருந்த குத்தகை வயலின் வரப்பில் அண்ணன் உட்கார்ந்து கதிரைக் கையில் வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"அண்ணே, அந்தப் பெஞ்சத் தூக்கணும். எனக்குத் தோளு முடியல. ஒரு கை வேணும்."

என் தோளைப் பார்த்தார். "எப்ப?"

"இப்ப."

எழுந்து துண்டை உதறினார். தெருவழியாக வந்தவர் முன்கேட்டில் நுழையாமல் பக்கத்துச் சந்து வழியாகச் சுற்றிக் கொல்லைப்புறமாக வந்தார். என் வீட்டுக்கு என் அண்ணன் கொல்லை வழியாக வந்தார் என்று மட்டும் இங்கே எழுதிவைக்கிறேன்.

7

இரண்டு பேரும் பெஞ்சைத் தூக்கிப் படுதாவுக்குக் கீழே போட்டோம். தூக்கிவிட்டுப் போய்விடுவார் என்று நினைத்தேன். நான் ஒற்றைக் கையால் உப்புத்தாள் போட்டுத் தேய்ப்பதைக் கொஞ்ச நேரம் பார்த்தார்.

"இப்படித் தேச்சா சித்திரைதான் வரும். குடுறா."

வாங்கித் தேய்க்க ஆரம்பித்தார். பழைய வெள்ளையைத் தேய்த்தால் மாவு மாதிரி தூசு பறக்கும். ஒரு மணி நேரத்தில் அவருடைய தலை, மீசை, கை, கைலி எல்லாம் வெள்ளை. நானும் அப்படித்தான். சாந்தி டீயோடு வந்து பார்த்துவிட்டு, "ரெண்டு பேரும் எந்த மாவு மில்லுலேர்ந்து வர்றீங்க?" என்றாள். அண்ணன் தும்மிக்கொண்டே சிரித்தார். அந்தக் கொல்லையில் அவர் சிரித்து நான் கேட்டது அன்றைக்குத்தான்.

மாலைக்குள் பெயிண்ட் அடித்து முடித்தேன். அதே பச்சரிசி. அவர் கொஞ்சம் தள்ளி நின்று, கருவியிலிருந்து புகை மாதிரி போய்ப் பலகையில் படிவதைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

மறுநாள் காலையில் நான் கூப்பிடாமலே வந்தார், கொல்லை வழியாகத்தான். பெஞ்சைப் பார்த்தார். கண்ணாடி மாதிரி இருந்தது.

"காஞ்சிடுச்சே. தூக்கி உள்ள போட்டுடலாமா?"

"இல்லண்ணே. காயல."

"கண்ணு தெரியாதவனா நானு?" என்று சொல்லிப் பெருவிரலை வைத்து அழுத்தினார். விரலை எடுத்தார். விரலில் ஒன்றும் ஒட்டவில்லை. ஆனால் பலகையில் அவருடைய ரேகை அப்படியே பதிந்திருந்தது.

விரலைப் பார்த்தார். பலகையைப் பார்த்தார்.

"மேலதாண்ணே காஞ்சிருக்கு. உள்ள காய அஞ்சு நாள் ஆவும்."

அண்ணன் துண்டை உதறித் தோளில் போட்டார். பிறகு இடுப்பு முடிச்சை அவிழ்த்து நாலு நெல்லை எடுத்தார். களத்தில் காயப்போட்டிருக்கிற நெல்லை இப்படி முடிந்து வைத்துக்கொண்டு அடிக்கடி பார்ப்பது அவர் வழக்கம். ஒன்றை வாயில் போட்டுக் கடித்தார்.

"இதுவும் அப்படித்தான். மேல சலசலன்னு கெடக்கும். கடிச்சா உள்ள மெத்துன்னு இருக்கும். கொள்முதல்ல கருவிய வச்ச உடனே, ஈரம், திருப்பிக் கொண்டு போன்னுடுவான்." உமியைத் துப்பினார். என்னைப் பார்க்காமல் பெஞ்சைப் பார்த்தே கேட்டார்: "அன்னிக்கும் இப்படித்தானா?"

"அன்னிக்கும் இப்படித்தாண்ணே. அடிச்சு மூணு நாள்தான் ஆயிருந்துச்சு."

"அந்தச் சாக்கு?"

"கைக்குக் கெடச்சுதுண்ணே. யோசிக்கல. அத நெனச்சா இன்னைக்கும்…"

"அத அன்னிக்கு சாயங்காலமே வந்து சொல்லித் தொலைக்கறதுக்கு என்னடா? போன்ல நாலு வருசமா புகையான் பூச்சியப் பத்திப் பேசுன, இத பேச வாயில்லயா?"

"கூச்சமா இருந்துச்சுண்ணே."

"கூச்சமாம்" என்றார். அவருக்குக் கோபம் இருந்தது. அவருக்கும் என்னைக் கேட்கக் கூச்சமாக இருந்திருக்கிறது என்று எனக்குப் பட்டது. "என் ரேகைய என்ன பண்ணுவ? அப்படியே விட்டுடுவியா?"

"விட மாட்டேன். தேச்சுட்டு அடிப்பேன்."

"அதான பாத்தேன்" என்று சொல்லி உப்புத்தாளை எடுத்துக் கொடுத்தார்.

8

அன்றையிலிருந்து ஐந்து நாள். விருந்தாளிகள் வருவதற்கு ஆறு நாள் இருந்தது. அண்ணன் காலையும் மாலையும் வந்து, பெஞ்சின் அடிப்பக்கம், வெளியே தெரியாத ஒரு மூலையில் பெருவிரலை வைத்துப் பார்ப்பார். "இன்னிக்கு?" என்பார். "இல்லண்ணே" என்பேன்.

நாலாம் நாள் இரண்டு பேருமாகப் பெஞ்சைத் தூக்கிவந்து கூடத்தில் போட்டோம். வெயிலில் வயலிலிருந்து நேராக வந்திருந்தார். முகத்தில் களைப்பு தெரிந்தது. பெஞ்சுக்குப் பக்கத்தில் அவர் நின்றதைப் பார்த்ததும் எனக்கு அந்தத் தை மாதம் ஞாபகம் வந்துவிட்டது. வேலை கெட்டால் கெடட்டும், விருந்தாளிகள் போன பிறகு திரும்ப அடித்துக்கொள்ளலாம் என்று, "காஞ்சிடுச்சுண்ணே. உட்காருங்க" என்றேன்.

அண்ணன் குனிந்து மூலையில் விரலை வைத்தார். நிமிர்ந்து சாந்தியைக் கூப்பிட்டார்.

"பாத்தியாம்மா உன் புருசன? ஈர நெல்ல மூட்ட கட்டச் சொல்றான்."

"ஒரு நாள்தானண்ணே பாக்கி, உட்காருங்க."

"போடா. நல்லா வந்திருக்கு வேலை. அத எதுக்குடா கெடுக்கற?"

போய்விட்டார். ஆனால் முன்கேட்டு வழியாகப் போனார்.

மறுநாள் காலை ஆறரை இருக்கும். கேட் சத்தம் கேட்டது. அண்ணன் மடைக்குப் போய்விட்டு வந்திருந்தார். காலெல்லாம் சேறு, இந்தத் தடவை நிஜமாகவே. வாசல் குழாயில் கழுவினார், பாதி போயிற்று, பாதி போகவில்லை. உள்ளே வந்தார். மூலையில் விரலை வைத்து அழுத்தினார். விரலை எடுத்துப் பார்த்தார். ஒன்றும் பதியவில்லை. திரும்பிப் பெஞ்சின் நடுவில் உட்கார்ந்து முதுகைச் சுவரில் சாய்த்தார்.

"சாந்தி, டீ போடும்மா."

சாந்தி அடுப்படியிலிருந்து எட்டிப் பார்த்துவிட்டு உள்ளே போய்விட்டாள். அன்றைக்கு டீயில் சர்க்கரை போட மறந்துவிட்டாள். அண்ணன் அதைக் குடித்து முடித்துவிட்டுத்தான் சொன்னார்.

9

வேதாரண்யத்திலிருந்து காரில் ஐந்து பேர் வந்தார்கள். பையனின் அப்பா முன்னால் வந்தார். வேட்டி சட்டைதான், கால் மட்டும் உப்பளத்துக் கால், வெடித்து வெளுத்திருந்தது. வாசலைத் தாண்டியவர் கூடத்தைப் பார்த்ததும் நின்றுவிட்டார். சோபா, அலமாரி, மேசை, பெஞ்சு எல்லாம் வெள்ளை. கார்த் தூசு பட்ட தன் வேட்டியைக் குனிந்து பார்த்தார், பின்பக்கத்தைக் கையால் தட்டினார்.

"உப்புப் பாத்தி மாதிரி இருக்கே, காலை எங்க வைக்கறதுன்னு தெரியல" என்று சிரித்தார். சிரித்தாலும் உட்காரவில்லை.

நான் ஏதாவது சொல்ல வேண்டும். வீட்டுக்காரன் நான்தான். அதற்குள் பெஞ்சிலிருந்து அண்ணன் நகர்ந்து, தன் பக்கத்து இடத்தைக் கையால் தட்டினார்.

"வாங்க சம்பந்தி, தாராளமா உட்காருங்க. காஞ்சுதான் இருக்கு. எந்தம்பி அடிச்சது."

அவர் உட்கார்ந்தார். உள்ளேயிருந்து இலக்கியா காபித் தட்டோடு வந்தாள்.

மாசி 15, வெள்ளிக்கிழமை
மஸ்கட்